கிழக்குக்குப் பத்தொன்பது மார்க்

"சகலை இருக்கிற திசையில் இனி தலைவைத்துக்கூடப் படுப்பதில்லை!"

பட்டியலார் இந்தச் சபதத்தை எடுத்தது குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால், பல் துலக்கும் பிரஷ்ஷும் கையுமாக. வாய் நிறைய நுரை இருந்ததால் சபதம் கொஞ்சம் குழறலாகத்தான் வெளியே வந்தது. அதனால் என்ன? சபதம் சபதம்தான். வாயைக் கொப்பளித்துவிட்டு இன்னொரு தடவை தெளிவாகவும் சொல்லிக்கொண்டார்.

பட்டியலார் என்பது அலுவலகத்தார் வைத்த பெயர். வீண் பழி என்று சொல்ல முடியாது. மனிதருக்கு லிஃப்ட் பரிசோதிக்கிற உத்தியோகம். கயிறு தேய்ந்திருக்கிறதா, கதவு கையை நசுக்குமா, உள்ளே மாட்டிக்கொண்டு மணி அடித்தால் யாராவது வருவார்களா என்று நாற்பத்தேழு கேள்விகள் உள்ள ஒரு தாளோடு கட்டடம் கட்டடமாக ஏறி இறங்குவார். கடைசியில் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்துவார். அந்தத் தாளைத்தான் லிஃப்டுக்குள் ஒட்டிவைக்கிறார்கள். யாரும் படிப்பதில்லை. படிக்காத வரைக்கும்தான் நிம்மதியாக மேலே போக முடியும்.

வீட்டிலும் அதே கதைதான். கடைக்குப் போகப் பட்டியல், ஊருக்குப் போகப் பட்டியல், எந்தப் பட்டியல் எந்த டிராயரில் இருக்கிறது என்பதற்குத் தனியாக ஒரு பட்டியல். ஆனால் ஒரு நல்ல குணம் உண்டு. கையெழுத்துப் போட்டுவிட்டால் அதற்கப்புறம் ஒரு புள்ளியைக்கூட மாற்ற மாட்டார். ஒரு தடவை ஒன்பதாவது மாடியில் நின்றுகொண்டு அந்தக் கட்டடத்து லிஃப்ட் தகுதியற்றது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். போட்ட பிறகுதான் கீழே போக வேறு லிஃப்ட் இல்லை என்று ஞாபகம் வந்தது. முழங்காலைப் பிடித்துக்கொண்டே ஒன்பது மாடியும் படியில் இறங்கினார். அப்படிப்பட்ட மனுஷன்.

அவருக்கு மூத்த பரிசோதகராகப் பதவி உயர்வு வந்தது. பெரிய நகரத்துக்கு மாற்றல். உத்தரவில் எழுத்துப் பிழைகூட இல்லை. ஒரே ஒரு குறை, அந்த நகரத்தின் கிழக்குப் புறநகரில் சகலை இருந்தார்.

சகலை என்றால் பட்டியலார் மனைவியின் அக்கா புருஷன். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். ஆறு வண்டி, அடர்த்தியான மீசை, அதைவிட அடர்த்தியான அறிவுரை. யார் ஓட்டுகிற காரில் உட்கார்ந்தாலும் அவருடைய கால் அங்கே இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே இருக்கும். சாப்பாட்டு மேசையில் தண்ணீர் ஜக்கை எடுக்கப் போனால்கூட, "தம்பி, கை நீட்டறதுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் பாருங்க" என்பார். இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது ஒன்று இருந்தது. பட்டியலார் ஒரு காலத்தில், லீவுக்கு வந்தபோதெல்லாம், சகலையிடம்தான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டார். லைசென்ஸ் பரீட்சையில் மூன்று தடவை தோற்றார். மூன்றாவது தடவை பதற்றத்தில் இன்ஜினைக் கிளப்பாமலே மூன்று கியர் மாற்றி, ஸ்டியரிங்கை ஒடித்துத் திருப்பி, நின்ற இடத்திலேயே ஒரு வளைவை வெற்றிகரமாகக் கடந்துவிட்டார். இந்தக் கதையைச் சகலை சொல்லாத கூட்டம் கிடையாது. உறுமல் சத்தம் வராத இன்ஜினாகவே நடித்துக் காட்டுவார். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். பட்டியலாரின் பத்து வயதுப் பெண்ணும் சிரிப்பாள். அவள் சிரிப்பதுதான் பட்டியலாருக்கு வலிக்கும். வெளியே காட்டிக்கொள்ள மாட்டார்.

இதனால்தான் சபதம்.

பல் துலக்கிவிட்டு வந்தவரை மனைவி காபியோடு எதிர்கொண்டாள்.

"என்னங்க, அக்கா வீட்டு மாடி காலியாகுதாம்."

பட்டியலாருக்குக் காபி புரையேறியது.

"எந்த மாடி?"

"அக்காவுக்கு என்ன அடுக்கு மாடியா இருக்கு? இருக்கறது ஒரு மாடி. அதான் காலியாகுது."

"இதையெல்லாம் எடுத்தேன் கவிழ்த்தேன்னு முடிவு பண்ணக் கூடாது. பெண் குழந்தை இருக்கா. பாதுகாப்பு வேணும். குடும்பத்துக்கு ஏத்த இடமா இருக்கணும். நாலு புறநகரையும் நேர்ல பாத்து, மார்க் போட்டு, எது முதல்ல வருதோ அங்கதான் வீடு. மார்க் என்ன சொல்லுதோ அதான் முடிவு. நானும் பேசக் கூடாது, நீயும் பேசக் கூடாது."

"சரிங்க."

அவள் சண்டைக்கு வருவாள் என்று பதினோரு பதில்களைத் தயாராக வைத்திருந்தார். 'சரிங்க'வுக்கு அவரிடம் பதில் இல்லை. கல்யாணமான இந்தப் பதினான்கு வருஷத்தில் அவள் எப்போதெல்லாம் 'சரிங்க' என்றாள், அதற்கப்புறம் என்னவெல்லாம் நடந்தது என்று ஒரு பட்டியல் போட்டிருந்தாரானால் அப்போதே உஷாராகியிருப்பார். அந்த ஒரு பட்டியலை மட்டும் அவர் போடவில்லை.

மனைவிக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலை. வருகிறவரை நாற்காலியில் உட்காரவைத்து, மூக்கில் ஒரு இரும்புச் சட்டத்தை மாட்டி, கண்ணாடிச் சில்லை மாற்றி மாற்றிப் போடுவாள். "இது தெளிவா இருக்கா, இது தெளிவா இருக்கா?" என்று கேட்பாள். "ரெண்டாவது" என்பார் வந்தவர். மறுபடி கேட்பாள். கால் மணி நேரத்தில் தன் கண்ணாடியைத் தானே தேர்ந்தெடுத்த பெருமையோடு எழுந்து போவார். எந்தச் சில்லில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும் என்பது அவர் உள்ளே வரும்போதே அவளுக்குத் தெரிந்திருக்கும்.

அன்று சாயங்காலமே பட்டியலார் மார்க் தாளைத் தயார் செய்தார். இருபது தலைப்பு, தலைப்புக்கு ஐந்து, ஆக நூறு. தெருவிளக்கு, நடைபாதை, பள்ளிக்கூட வாசலில் வண்டிகளின் வேகம், அந்நியர் வந்தால் தெருவாசிகள் கேள்வி கேட்கிறார்களா, இப்படி. பெண் தோள் மேலே எட்டிப் பார்த்தாள்.

"அப்பா, 'மரங்களின் நடத்தை'ன்னா?"

"காத்தடிச்சா நம்ம மேல விழுமா, விழாதான்னு."

"மரத்துக்கிட்டயே கேப்பியா?"

மனைவியும் வந்து பார்த்தாள். பதினாறாவது தலைப்பில் அவள் விரல் நின்றது. 'நான்கு கிலோமீட்டருக்குள் உறவினர்: ஐந்து மார்க் குறைக்கப்படும்.'

"குடும்பத்துக்கு ஏத்த இடம்னு தலைப்புல எழுதிட்டு, குடும்பம் பக்கத்துல இருந்தா மைனஸ் மார்க்கா?"

"குடும்பம்னா நாம மூணு பேர்."

"அப்ப எங்கக்கா?"

"அக்கா வந்து... பொதுமக்கள்."

அவள் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு நான்கு லென்ஸ் தடிமன் இருந்தது. பட்டியலார் அந்தத் தலைப்பை அடித்துவிட்டு, ரொம்ப யோசித்து வேறொன்றை எழுதினார். 'கற்றுக்கொள்வோர் பலகை மாட்டிய கார்கள்: ஒன்றுக்கு ஒரு மார்க் குறைவு.' சகலையிடம் அப்படி ஆறு கார் இருப்பதும் அவை நாள் முழுக்கக் கிழக்கையே சுற்றி வருவதும் தற்செயல் என்று முகத்தை வைத்துக்கொண்டார்.

இதற்குப் பிறகு இரண்டு நாள் லீவு போட்டுக் குடும்பத்தோடு பெரிய நகரத்துக்குப் போனார். தங்கியது வேறெங்கே, சகலை வீட்டில்தான். தரகர்களிடம் போனில் விசாரித்ததிலேயே வடக்கும் தெற்கும் விழுந்துவிட்டன. தரகர் பாஷை பட்டியலாருக்கு அத்துப்படி. 'அமைதியான சூழல்' என்றால் பஸ் வராது. 'இயற்கையோடு இணைந்த' என்றால் மழை பெய்தால் ஹாலுக்குள் தண்ணீர். 'பள்ளிக்கு மிக அருகில்' என்றால் காலை எட்டு மணிக்குக் காதில் பஞ்சு. மீதி இருந்தது கிழக்கும் மேற்கும்.

முதல் நாள் காலையில், "கொஞ்சம் காலாற நடந்துட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு, அளவு நாடா, ஸ்டாப் வாட்ச், மார்க் தாள் சகிதம் கிழக்குத் தெருமுனையில் போய் நின்றார்.

நல்ல தெரு. அதுதான் அவருக்குத் தொந்தரவாக இருந்தது. பத்து நிமிஷத்தில் பெட்டிக்கடைக்காரர், "எவ்வளவு நேரம் நிப்பீங்க, உக்காருங்க" என்று ஒரு முக்காலியைக் கொண்டுவந்து போட்டார். துணி உலர்த்திக்கொண்டிருந்த ஒரு அம்மாள் வெயிலுக்குக் குடை கொடுத்தாள். தபால்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டு நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். நீ யார், எதற்கு அளக்கிறாய் என்று ஒருத்தர், ஒருத்தர்கூடக் கேட்கவில்லை.

'விழிப்புணர்வு: பூஜ்யம்' என்று எழுதினார் பட்டியலார், குடையின் நிழலில் முக்காலியில் உட்கார்ந்துகொண்டு. 'அந்நியரிடம் அளவுக்கு மீறிய பாசம். மிகவும் ஆபத்து.'

தெருநாய் ஒன்று இருந்தது. தூங்கிக்கொண்டிருந்தது. 'விழித்தால் என்ன செய்யும் என்று தெரியவில்லை' என்று மூன்று மார்க் குறைத்தார். ரயில் கேட் ஒன்று நாற்பது நிமிஷம் மூடியே கிடந்தது. இது மட்டும் நிஜமாகவே மோசம். ஒரு பொய்யும் கலக்காமல் எழுத முடிந்ததில் அவருக்கே ஒரு ஆறுதல். பலகை மாட்டிய கார்கள் பதினான்கு என்று குறித்துக்கொண்டார். ஆறே கார்தான், சுற்றிச் சுற்றி வந்தன. வந்த தடவையெல்லாம் எண்ணினார். ஒவ்வொன்றிலிருந்தும் யாராவது கையாட்டினார்கள், காரும் கூடவே ஆடியது.

மறுநாள் மேற்கு. இரண்டு ரயில் மாறிப் போக வேண்டியிருந்தது. அந்தத் தூரத்துக்கே ஐந்து மார்க் கொடுக்கலாம் என்று தோன்றியது. அகலமான தெருக்கள், ஒரே உயரத்துக்கு வெட்டிவிட்ட செடி வேலிகள். தெருவில் ஆளே இல்லை. நாய் ஒன்று இருந்தது. அதன் கழுத்தில் பட்டை, பட்டையிலிருந்து கயிறு, கயிற்றின் மறுமுனையில் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு அம்மாள். பட்டியலார் பள்ளிக்கூட வாசலில் நின்று வெளியே வரும் பிள்ளைகளை எண்ணத் தொடங்கினார். கறுப்புக் கண்ணாடி அம்மாள் அவரைப் போட்டோ எடுத்தாள். எங்கேயோ விசில் அடித்தது. நாலாவது நிமிஷம், நடைப்பயிற்சி உடையில் இரண்டு ஆசாமிகள் ஆளுக்கொரு தோளைப் பிடித்தார்கள். பதினான்காவது நிமிஷம் பட்டியலார் போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் இருந்தார்.

"ஸ்கூல் வாசல்ல நின்னு எதுக்கு சார் குழந்தைங்களை எண்றீங்க?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"மார்க் போடறதுக்கு."

"ஓ, வாத்தியாரா?"

"இல்ல. லிஃப்ட் பரிசோதகர்."

"அந்த ஏரியால லிஃப்டே கிடையாதே!"

"தெரியும் சார். அதுக்கே அஞ்சுக்கு அஞ்சு குடுத்திருக்கேன்."

இன்ஸ்பெக்டர் பேனாவைக் கீழே வைத்தார். பட்டியலாருக்கோ வாயெல்லாம் பல். "பதினாலே நிமிஷம் சார்! என்னை இவ்வளவு வேகமா யாருமே பிடிச்சதில்ல!" என்றார். அதைக் கேட்டதும் இன்ஸ்பெக்டர், இதற்கு முன் எங்கெல்லாம் பிடித்தார்கள் என்று விசாரிக்க ஒரு புதுத் தாளை எடுத்தார். பட்டியலார் தன் தாளில் 'விழிப்புணர்வு: 5/5' என்று எழுதி, அடியில் கோடும் போட்டார்.

தெரிந்தவர் யாராவது வந்து சொன்னால்தான் விடுவோம் என்றார்கள். மனைவிக்குப் போன் போட்டார்.

"பதறாதீங்க. அத்தானை அனுப்பறேன்" என்றாள் அவள்.

"ஐயோ, அவர் வேண்டாம்! நீயே..." அதற்குள் போனை வைத்துவிட்டாள்.

சகலை வந்தார், தலையில் மஞ்சள் பலகை மாட்டிய காரில். வந்து, பொறுப்பான மனுஷன், நம்ம தம்பிதான் என்று கையெழுத்துப் போட்டு மீட்டுக்கொண்டு போனார். இனி ஆயுசு முழுக்க ஒவ்வொரு கூட்டத்திலும் இன்ஜின் கதையோடு இந்தப் போலீஸ் ஸ்டேஷன் கதையும் சேர்ந்து ஓடும் என்று நினைத்துப் பட்டியலார் காரின் மூலையில் ஒடுங்கி உட்கார்ந்தார். ஆனால் அதிசயம், சகலை வழி நெடுக ஒரு வார்த்தை பேசவில்லை. மேற்குத் தெருக்களைப் பார்த்துக்கொண்டே மெதுவாக ஓட்டினார். எதிரே ஒரு கார், திரும்புவதற்கு முன்னால் விளக்குப் போட்டுக் காட்டியது. சொன்ன பக்கமே திரும்பவும் செய்தது. நடப்பவர்களுக்காகக் கோட்டுக்கு முன்னால் இன்னொரு கார் தானாக நின்றது. சகலை மூக்கை உறிஞ்சினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். தூசி விழுந்துவிட்டது போலிருக்கிறது என்று பட்டியலார் நினைத்துக்கொண்டார்.

ஊர் திரும்பியதும் கூட்டிப் பார்த்தார். மேற்கு தொண்ணூற்றொன்று. கிழக்கு இருபத்துமூன்று.

தாளை மனைவியிடம் நீட்டும்போது அவருக்கு உள்ளூரப் பயம்தான். அவள் நிதானமாகப் படித்தாள்.

"நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. ஆனா சும்மா 'ரயில் கேட்'னு போட்டா எப்படி? 'ஆபத்தான ரயில் கேட்' நல்லா இருக்கா, 'மிக ஆபத்தான ரயில் கேட்' நல்லா இருக்கா?"

"ரெண்டாவது."

"இப்ப பாருங்க. 'மிக ஆபத்தான', இல்லாட்டி 'உயிருக்கே உலை வைக்கும்'?"

"அது இன்னும் தெளிவா இருக்கு!"

"பலகை மாட்டின வண்டிங்க பத்தி ஒரு வரிதான் இருக்கு. ஒரு பாராவா, ரெண்டு பாராவா?"

"ரெண்டு."

"இவ்வளவு எழுதிட்டு இருபத்துமூணு மார்க்கா? கேக்கறவங்க சிரிக்க மாட்டாங்க? இருபத்துமூணா, பத்தொன்பதா?"

பட்டியலார் உருகிவிட்டார். சொந்த அக்கா இருக்கிற இடம் என்று பாராமல், உண்மையின் பக்கம் நிற்கிறாளே இவள்! எவனுக்குக் கிடைப்பாள் இப்படி ஒருத்தி? பத்தொன்பது என்று திருத்தினார். ஒரு பக்கம் நாலு பக்கமாயிற்று.

"கையெழுத்து?" என்றாள்.

"வீட்டு விஷயத்துக்கு எதுக்கு?"

"உங்க கையெழுத்து இல்லாத லிஃப்ட்ல நீங்க ஏறுவீங்களா?"

பட்டியலார் பேனாவை எடுத்தார். நாலு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டு முத்திரையும் குத்தினார்.

"ஒரு விஷயம். உங்கக்காகிட்ட இதைச் சொல்லிடாதே. மனசு கஷ்டப்படும்."

"சே! அக்காகிட்ட நான் எதுக்குங்க சொல்லப்போறேன்?"

சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். அக்காவிடம் சொல்லவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சகலையிடமிருந்து போன் வந்தது. அன்று சாயங்காலம்தான் மேற்கில் மனைவி தரகர் மூலம் பார்த்துவைத்த வீட்டுக்குச் சரி என்று சொல்ல வேண்டும். மனைவி போனை ஸ்பீக்கரில் போட்டு மேசை மேல் வைத்தாள்.

"தம்பி..." சகலையின் குரல் சகலையின் குரல் மாதிரியே இல்லை. "உங்க ரிப்போர்ட்டை மூணு தடவை படிச்சேன்."

பட்டியலார் திருதிருவென விழித்தார். மனைவி ஏதோ ஒரு கண்ணாடியை எடுத்துத் துணியால் துடைக்க ஆரம்பித்தாள்.

"அண்ணா, அது எப்படி உங்க கைக்கு..."

"மூணாம் பக்கத்துல என் வண்டிங்களைப் பத்தி ரெண்டு பாரா எழுதியிருக்கீங்களே."

"அது வந்து அண்ணா, பொதுவா..."

"நூத்துக்கு நூறு உண்மை தம்பி! அந்தப் பசங்க ஓட்டறதைப் பாத்தா எனக்கே வயித்தைக் கலக்கும். இத்தனை வருஷமா யார்கிட்டயும் சொல்லிக்கல. நீங்க ஒரே நாள்ல கண்டுபிடிச்சுட்டீங்க." சகலை மூச்சு வாங்கினார். "இவ எட்டு வருஷமா தலைபாடா அடிச்சுக்கறா, இந்த கேட்டைத் தாண்டி தினமும் போக முடியல, வேற இடம் போயிடலாம்னு. நான் காதுலயே போட்டுக்கல. இப்ப முத்திரையோட வந்து நிக்குது. மேற்குப் பக்கமே வந்துடலாம்னு பாக்கறேன். அன்னிக்கு உங்களைக் கூப்பிட வந்தப்பவே மனசு அங்க போயிடுச்சு."

பட்டியலார் போனை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

"ஆனா ஒண்ணு தம்பி. பிறந்ததுலேருந்து இருக்கற இடம். விட்டுட்டு வர்றது லேசு இல்ல. நீங்க கொஞ்சம் முன்னபின்ன எழுதியிருந்தா இப்பவே சொல்லிடுங்க. கிழக்கு நல்ல ஏரியாதான்னு ஒரே ஒரு வார்த்தை. அப்படியே இருந்துடறேன்."

பட்டியலார் வயிற்றில் பாலை வார்த்தது போலிருந்தது. ஒரே ஒரு வார்த்தை! வாயைத் திறந்தார். மனைவி போனைக் கையால் பொத்தினாள்.

"சொல்லிடுங்க" என்றாள் சன்னமாக. "கிழக்கு நல்ல ஏரியாதான்னா ரொம்ப சந்தோஷம். நாமளும் அங்கயே போயிடலாம். மார்க் சொல்றதுதான் முடிவுன்னு நீங்கதானே சொன்னீங்க? மாடி இன்னும் காலியாத்தான் இருக்கு."

"அது வந்து..."

"இதுவா, அதுவா?"

பட்டியலார் கணக்குப் போட்டார். கிழக்கு என்று சொன்னால் சகலை கீழே, தான் மேலே. ஒரே படி, ஒரே வாசல், காலையில் கண் விழித்தால் அறிவுரை. மேற்கு என்று சொன்னால் சகலை எங்கேயோ ஒரு தெருவில். எந்தச் சில்லைப் போட்டுப் பார்த்தாலும் ஒரே உருவம்தான் தெரிந்தது. மீசையோடு. போதாததற்கு நாலு பக்கத்திலும் அவருடைய கையெழுத்து வேறு. முன்னபின்ன எழுதினேன் என்று ஒத்துக்கொண்டால், இனி எந்த முகத்தை வைத்துக்கொண்டு ஒரு லிஃப்டுக்குள் போவது?

"உண்மைதான் அண்ணா" என்றார். "ஒவ்வொரு எழுத்தும் உண்மை."

எதிர்முனையில் சகலை மூக்கை உறிஞ்சினார். "உங்களைப் போய் இத்தனை வருஷமா கிண்டல் பண்ணினேனே தம்பி. இனிமே அந்த இன்ஜின் கதையை எடுக்கவே மாட்டேன். சத்தியம்." போன் அணைந்தது.

பட்டியலார் மனைவி பக்கம் திரும்பினார்.

"நீதானே அனுப்பின?"

"அக்காகிட்ட சொல்லாதேன்னீங்க. அத்தானுக்கு அனுப்பாதேன்னு சொல்லலையே?"

"என்னைக் கைப்பொம்மை ஆக்கிட்டியே!"

"ஆமா" என்றாள் அவள், கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு. இப்போது அவள் குரலில் விளையாட்டு இல்லை. "நானும் அக்காவும் ஒரே ஊர்ல இருந்து பதினாலு வருஷம் ஆச்சுங்க. அவளுக்கு உடம்பு முடியாதப்ப ரயில் கேட் மூடி நாப்பது நிமிஷம் வண்டிக்குள்ள படுத்துக் கிடந்தா. எனக்கு அப்புறமாத்தான் சொன்னா. அத்தான்கிட்ட அவ அழுதா, நான் கெஞ்சினேன். அசையல. அவர் பொண்டாட்டி பேச்சைக் கேக்க மாட்டார், முத்திரை குத்தின தாளை மட்டும் நம்புவார். முத்திரை உங்ககிட்டதான் இருந்துச்சு."

பட்டியலாருக்குக் கோபம் வந்தது, பாதியில் நின்றது. அன்றைக்கு ஸ்டாப் வாட்ச்சில் பார்த்த நாற்பது நிமிஷம் அவருக்கே நினைவு வந்தது. இப்படி ஒரு காரணம் இருக்கும்போது ஒழுங்காகக் கோபித்துக்கொள்ளக்கூட விட மாட்டாள் இவள் என்று நினைத்துக்கொண்டார். கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

"போகட்டும். மேற்கு பெரிய ஏரியாதானே?" என்றார்.

"ரொம்பப் பெரிய ஏரியாங்க" என்றாள் அவள்.

அடுத்த மாதம் குடிபோனார்கள். மனைவி பிடித்துவைத்த வீடு நன்றாகவே இருந்தது. ஒரே கூரைக்குக் கீழே தோளோடு தோள் ஒட்டிய இரட்டை வீடு. பட்டியலார் வந்ததும் வராததுமாக நடுச்சுவரில் காதை வைத்துப் பார்த்தார். அந்தப் பக்கம் ஒரு ஸ்பூன் விழுகிற சத்தம்கூட இல்லை.

"எவ்வளவு தங்கமான மனுஷங்க பாரு, மூச்சு விடற சத்தம்கூடக் கேக்கல" என்றார் பூரித்துப்போய்.

"இன்னும் வரலைங்க" என்றாள் மனைவி, பெட்டியிலிருந்து தட்டுகளை எடுத்து அடுக்கிக்கொண்டே.

வாசலில் பெண் குதித்தாள். "அப்பா! பெரியம்மா வந்தாச்சு!"

தெருவை அடைத்துக்கொண்டு ஒரு லாரி நின்றது. லாரியின் முன்சீட்டில், டிரைவருக்குப் பக்கத்தில், இல்லாத பிரேக்கை மிதித்தபடி சகலை. பின்னால் காரிலிருந்து மனைவியின் அக்கா இறங்கினாள். மனைவி தட்டை அப்படியே போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினாள். இரண்டு பேரும் நடுத்தெருவில் கட்டிக்கொண்டு அழுதார்கள், சிரித்தார்கள், மறுபடி அழுதார்கள்.

"தம்பி!" ஜன்னல் வழியாகச் சகலை தலையை நீட்டினார். "டிரைவருக்குப் பின்னாடி ஒண்ணும் தெரியலையாம். உங்களைத் தவிர வேற யாரையும் நான் நம்ப மாட்டேன். கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க!"

"போய்ச் சொல்லுங்களேன்" என்றாள் மனைவி, அக்காவின் தோளிலிருந்து முகத்தை எடுக்காமலே. "நம்ம செடி நசுங்கிடப் போகுது."

பட்டியலார் லாரிக்குப் பின்னால் போய் நின்றார். இரண்டு கைகளையும் உயர்த்தி, தெருவே கேட்கும்படி, "வரலாம்... வரலாம்... இன்னும் வரலாம்!" என்று தன் வாயாலேயே சகலையைப் பக்கத்து வீட்டுக்குள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.